எப்போதும் வான் பாயும் குளங்கள்

வணக்கம் ஐயா,

நான் முல்லைத்தீவில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சின்ன ஓவியக்கூடம் திறந்திருக்கிறார்கள். எல்லாம் இயற்கையைப் பற்றிய ஓவியங்களும் மரச் சிற்பங்களும். மகளோடு போனேன். ஏமாற்றமாக இருந்தது. இருப்பதில் பெரிய ஓவியமே தண்ணீர் வற்றி வெடித்துக் கிடக்கிற ஒரு குளம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும் பார்க்கிற இடத்தில் வன்னியின் அழகைக் காட்டக் கூடாதா? பாலை மரத்தில் செய்த எருமைச் சிற்பம் ஒன்று முதுகில் வெடித்திருந்தது. அதற்கு நாற்பதாயிரம் ரூபா! மகள் உயர்தரத்தில் சித்திரம் எடுக்கப் போகிறேன் என்று நிற்கிறாள். இப்படியானவற்றைத்தான் செய்யப் போகிறாள் என்றால் விடலாமா? இரண்டு படங்கள் இணைத்திருக்கிறேன்.

*

அன்புள்ள தம்பி,

மகளை அங்கே கூட்டிக்கொண்டு போனீர்களே, அதற்கே உங்கள்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. முக்கால்வாசித் தகப்பன்மார் பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்குவதோடு சரி. ஆனால் கடிதத்தின் மிச்சத்துக்கு உங்களைப் பேசாமல் விட முடியாது.

இந்தக் குளத்து விசயம் எனக்குள் கனநாளாகக் கிடக்கிறது. ஏ9 வீதியில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள், எந்தக் கந்தோருக்குள் போனாலும் சுவரில் ஒரு குளம் இருக்கும். அது எப்போதும் நிரம்பி வழிந்து வான் பாய்ந்துகொண்டிருக்கும். நாலு தாமரை, ஒற்றைக் கொக்கு, பின்னால் இறங்குகிற சூரியன். வன்னிக் குளம் இப்படி நிறைந்து நிற்பது வருசத்தில் எத்தனை மாதம்? ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்கு நிறையும். சிறுபோக நெல்லுக்குத் துருசை, அதாவது மதகைத் திறந்தால் இறங்கத் தொடங்கும். ஆவணிக்குள் சின்னக் குளங்களில் தரை தெரியும். இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்களிலேயே தண்ணீர் அலைகரையை விட்டு நெடுந்தூரம் உள்ளே போய்விடும். அதுவும் குளம்தானே? பாதி வருசத்தை மறைத்து வரைய ஓவியர் எதற்கு, கலண்டர் அச்சடிக்கிறவர் போதும்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். நீங்கள் பார்த்தீர்களா? ஒவ்வொரு சேற்றுப் பாளமும் ஓரத்தில் மேலே சுருண்டு நிற்கிறது. மேல்சேறு முதலில் காய்ந்து சுருங்கும், அடியில் ஈரம் நிற்கும், அதனால் ஓரம் கிளம்பும். அவசரமாகக் கீறுகிறவர் நாலு கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டு வெடிப்பு என்பார். இவர் கிளம்பிய ஓரத்துக்கு அடியில் நிழல் வைத்திருக்கிறார். பின்னால் இருக்கிற காட்டையும் பாருங்கள், கரும்பச்சை. வறட்சி என்றதும் எல்லாவற்றையும் மண்ணிறமாக அடித்துவிடுவது வன்னியைத் தெரியாதவர் வேலை. எங்கள் பாலையும் வீரையும் கோடையில் இலை கொட்டி மொட்டையாக நிற்பதில்லை. கீழே குளம் வெடித்துக் கிடக்கும், மேலே காடு பச்சையாக நிற்கும். இதை அந்த வெயிலில் நின்று பார்த்தவர்தான் வரைய முடியும்.

இடது மூலையில் ஈரமாக ஒரு கறுப்புக் கிடங்கு இருக்கிறதே, அதை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். நான் கண்டதும் சிரித்துவிட்டேன். குளம் வற்றும் காலத்தில்தான் எங்கள் பெரியப்பா சந்தோசமாக இருப்பார். கடைசித் தண்ணீர் நிற்கும் கிடங்குக்குள் ஊரே இறங்கும். கரப்பை, அதுதான் மேலும் கீழும் திறந்த மீன்பிடிக் கூடையைச் சேற்றில் குத்திவிட்டு, மேல்வாயால் கையை விட்டுத் துழாவ வேண்டும். விரால் மேலே வந்து காற்றை விழுங்குகிற மீன், அதனால் சேறு மாதிரியான தண்ணீரிலும் சாகாமல் கிடக்கும். கையில் வழுக்குவது விராலா தண்ணீர்ப்பாம்பா என்று தெரியாது. “மீனெண்டால் பிடி, பாம்பெண்டால் விடு” என்பார் பெரியப்பா. எதுவென்று கண்டுபிடிக்கிற வழியை மட்டும் கடைசிவரை சொல்லித் தரவில்லை. பக்கத்திலேயே நாரையும் கூழைக்கடாவும் எங்களோடு போட்டிக்கு நிற்கும். மீன் ஒடுங்குகிற இடத்தில்தானே பறவை கூடும். சுவரில் ஒற்றைக் கொக்கை வரைந்து வைத்திருக்கிறவர்கள் வற்றுகிற குளத்துக்கு ஒருநாள் வந்து எண்ணிப் பார்க்கட்டும். அன்றிரவு அம்மம்மா வைக்கிற விரால் குழம்புக்குப் புளி கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்படுகிறீர்கள். அவர்களில் பாதிப்பேர் இதே குளங்களில் கரப்புக் குத்தியவர்கள், தம்பி. யாரிடம் ஒளிக்கிறீர்கள்?

எருமைக்கு வருகிறேன். முழுக் குற்றியில் செதுக்கினால் மரம் வெடிக்கும். வெளிப்பக்கம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் விட்டுக்கொடுக்காது. கோயில் வாகனம் செய்கிற ஆசாரிமார் துண்டுகளைப் பொருத்துவதும் உள்ளே குடைவதும் இதற்காகத்தான். இவர் குடையவில்லை. வெடிப்பு முள்ளந்தண்டு வழியே ஓடியிருக்கிறது, மரத்தூளும் பசையும் வைத்து அடைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார். எனக்குப் பிடித்தது, உங்களுக்குப் பிடிக்காவிட்டால் பரவாயில்லை. வங்காளச் சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938இல் சாந்திநிகேதனில் ‘சந்தால் குடும்பம்’ சிற்பத்தைச் செய்தபோது வெண்கலம், பளிங்கு என்று தேடிப் போகவில்லை. சீமெந்தோடு செம்புறைச் சரளையைக் குழைத்து வெட்டவெளியில் எழுப்பினார். ஆள் உயரத்துக்கும் மேலான உருவங்கள், தோல் முழுக்கச் சொரசொரப்பு. வீதிக்குக் கொட்டுகிற கிரவலை வைத்து இங்கேயும் யாராவது அப்படி ஒன்று செய்து பார்க்கலாம் என்று எனக்கு ஆசை. விலையைப் பற்றி நான் பேச வரவில்லை. பாலையில் உளி வைத்துப் பார்த்தவர் யாரையாவது கேளுங்கள்.

அந்தக் கூடத்துக்காரரிடம் எனக்கும் ஒரு குறை உண்டு. உங்கள் படத்திலேயே குழல்விளக்கு ஓவியத்தின்மேல் பளபளக்கிறது. கதவைத் திறந்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள்.

சரி, மகள். சித்திரம் எடுக்கட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் பட்டம்வரை படிக்கலாம். வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். வர்த்தகம் படித்த பிள்ளைகளிடமும் அதே கேள்விதான் இருக்கிறது, வங்கியில் இருக்கிற உங்களுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். அதுவரைக்கும் ஒரு வேலை செய்யுங்கள். ஆவணியில் அவளை ஒரு குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வெயில் தாழ்ந்து நாலு மணிக்குப் பிறகு போனால் நல்லது. யானை வருகிற பக்கமென்றால் இருட்ட முன்னம் திரும்பிவிடுங்கள்.