குல்மார்க்கில் பூத்த அந்த வெள்ளைப் பூ

கேள்வி: ஜூன் மாதம் காஷ்மீர் போயிருந்தோம். குல்மார்க் புல்வெளி முழுக்க சாமந்தி மாதிரி ஒரு பூ, நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெள்ளை இதழ். அந்த ஊர்க் காட்டுப்பூவா? விதை கிடைத்தால் கொடைக்கானலில் அக்கா வீட்டில் போடலாமா?
– வாசகி, மதுரை

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது ஆக்ஸ்-ஐ டெய்சியாகத்தான் இருக்க வேண்டும், தாவரவியல் பெயர் லூகாந்திமம் வல்கேர். காஷ்மீரில் தானாக முளைத்துப் பரவுகிறதே தவிர, பூர்வீகம் ஐரோப்பாவும் அதையொட்டிய ஆசியப் பகுதிகளும்தான். சாமந்தி மாதிரி என்றீர்களே, நல்ல கண் உங்களுக்கு! 1753இல், செடிகளுக்குப் பெயர் வைத்து வகைப்படுத்திய தாவரவியலாளர் லின்னேயஸ் இதையும் சாமந்தி வகையையும் ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் ஒரே குழுவில்தான் வைத்தார், பிரித்ததெல்லாம் பிற்பாடு.

இன்னொன்று, நீங்கள் பார்த்தது ஒற்றைப் பூ கிடையாது, சிரமஞ்சரி, அதாவது பல குட்டிப் பூக்கள் நெருக்கமாகச் சேர்ந்து ஒரே பூ மாதிரி தெரியும் கொத்து. ஓரத்தில் இருக்கும் ஒவ்வொரு வெள்ளை 'இதழும்' ஒரு தனிப் பெண்பூ, நடு மஞ்சள் வட்டத்தில் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள், அவை ஒவ்வொன்றிலும் மகரந்தமும் உண்டு, சூலகமும் உண்டு, ஐந்து மடலும் உண்டு, ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால் அசந்துபோவீர்கள். அடியிலைகள் கரண்டி வடிவில் நீண்ட காம்போடு இருக்கும், மேலே போகப்போக காம்பில்லாமல் தண்டைத் தழுவிக்கொண்டு பல் பல்லாக வெட்டுப்பட்டிருக்கும்.

பல ஆண்டு வாழும் செடி இது. குளிர்காலத்தில் மேலே வாடினாலும், மண்ணுக்குள் படுக்கையாக ஓடும் தண்டிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும், பிடுங்கும்போது துண்டு மாட்டிக்கொண்டால் அதுவும் செடியாகிவிடும். விதையில் பறக்கும் பஞ்சு கிடையாது, ஆனால் வைக்கோலிலும் செருப்பு மண்ணிலும் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும், மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். காஷ்மீர் புல்வெளிகளில் உள்ளூர்ச் செடிகளை நெருக்கித் தள்ளுவது இப்படித்தான். மாடுகளும் இதை அவ்வளவாக விரும்பித் தின்னாது, தின்றால் பாலில் ஒரு வேண்டாத வாடை வரும்.

அதனால் விதை வேண்டாம், தயவுசெய்து. கொடைக்கானல் குளிர் அதற்கு ஒத்துப்போகும், பயமே அதுதான், ஏற்கெனவே வெளியூர்ச் செடிகளால் நம் சோலைப் புல்வெளிகள் படும் பாடு போதும். அக்காவுக்கு வெள்ளைச் சாமந்தி நாற்று வாங்கிக் கொடுங்கள். அப்புறம், பயணத்தில் போட்ட ஷூவை அங்கே கொண்டுபோவதற்கு முன் அடிமண் போகக் கழுவிவிடுங்கள்.