கருப்பூரில் உலோகவியலா, சென்னையில் கணினி அறிவியலா?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என் கணவர் அம்மாபேட்டையில் சிறிய அளவில் விசைத்தறி நடத்துகிறார். மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். எங்கள் இரு குடும்பங்களிலும் கல்லூரிக்குப் போகும் முதல் பிள்ளை அவள்தான். பொறியியல் கலந்தாய்வில் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் பிரிவு தற்காலிக ஒதுக்கீடாக வந்திருக்கிறது. அதற்கு முன்பே சென்னைக்கு அருகிலுள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் கணினி அறிவியலில் இடம் தருவதாக எழுதிவிட்டது. கல்விக் கட்டணமும் விடுதியும் சேர்ந்து ஆண்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் ஆகும். முன்பணம் 50,000 ரூபாயை இந்த வாரத்துக்குள் கட்டச் சொல்லி அன்றாடம் தொலைபேசியில் அழைக்கிறார்கள். மகளுக்குக் கணினிதான் விருப்பம். "பெண்பிள்ளையை இரும்பு உருக்கவா படிக்க வைப்பீர்கள்?" என்கிறார் என் நாத்தனார். கணவரோ வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா என்று யோசிக்கிறார். நாங்கள் என்ன செய்வது?

- ஒரு தாய், சேலம்

பதில்: அம்மா, உங்கள் முன் இரண்டு கெடுக்கள் இருக்கின்றன. அவற்றுள் தவறவே கூடாதது கலந்தாய்வில் உங்கள் முடிவைப் பதிவு செய்வதற்கான கெடுதான். அது தவறினால் கையில் இருக்கும் அரசுக் கல்லூரி இடம் போய்விடும். முன்பணக் கெடுவோ அந்த நிறுவனத்தின் வசதிக்காக வைக்கப்பட்டது. ஒருவேளை அவசரத்தில் பணத்தைக் கட்டிவிட்டாலும் கலங்க வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட கட்டணத் திருப்ப விதிகளின்படி, சேர்க்கைக்கு அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்குப் 15 நாள் முன்பே விலகினால், சிறு நிர்வாகக் கழிவு போக முழுத்தொகையும் திரும்ப வர வேண்டும். நாள் செல்லச் செல்ல அந்தத் தொகை குறையும். அதே விதிகள் மாணவரின் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்வதையும் தடை செய்கின்றன. ஆகவே எதைக் கட்டினாலும் ரசீது வாங்குங்கள். மூலச் சான்றிதழ்களை மட்டும் எங்கும் விட்டுவிட்டு வராதீர்கள்.

அடுத்தது பணம். நான்கு ஆண்டுக்கு 14 லட்சம் ரூபாய். 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பதால்தான் வீட்டுப் பத்திரம் பேச்சில் வருகிறது. 10 விழுக்காடு வட்டியில் 10 ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 18,500 ரூபாய் வரும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. இருபத்திரண்டு வயதில் முதல் சம்பளம் வாங்கும் பெண், அதில் பெரும்பகுதியைத் தவணையாகக் கட்டிக்கொண்டு, பெற்றோரின் வீடு அடமானத்தில் இருக்கிறதே என்ற நினைப்போடு வேலை தேட வேண்டியிருக்கும். பிடிக்காத வேலையை விடவும் மேற்படிப்புக்குப் போகவும் அவளுக்குத் துணிவு வராது. என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன்: வீட்டை அடகு வைத்து அந்த இடத்தை வாங்க வேண்டாம். முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கே உண்டு என்பதையும் கணவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லையென்றால் நாளைக்கே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள்.

இதனால் மகள் கணினியை மறந்துவிட வேண்டும் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். இரண்டே வழிகள் இருப்பதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது ஒன்று, கலந்தாய்வுக்காக அவள் கல்லூரிகளையும் பிரிவுகளையும் வரிசைப்படுத்திக் கொடுத்த விருப்பப் பட்டியலிலேயே இருக்கக்கூடும். சேலத்திலும் நாமக்கல், ஈரோடு வட்டாரங்களிலும் உள்ள தன்னாட்சித் தனியார் கல்லூரிகளின் கணினி அறிவியல் இடங்கள் கலந்தாய்வில் அரசு நிர்ணயித்த கட்டணத்தில் கிடைக்கின்றன. அவற்றில் எவையேனும் பட்டியலில் கருப்பூர் உலோகவியலுக்கு மேலே இருந்தால், ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிய நகர்வையும் கோரலாம். மேலே உள்ள இடம் காலியானால் அது கிடைக்கும், கிடைக்காவிட்டால் கருப்பூர் இடம் நிற்கும். நகர்வு கிடைத்த பிறகு பழைய இடத்தைத் திரும்பக் கேட்க முடியாது. கீழே எழுதப்பட்ட விருப்பங்கள் இந்த நகர்வில் கணக்கில் வருவதே இல்லை. பலர் பட்டியலின் வரிசையை ஏதோ ஒரு சடங்குபோல நிரப்பிவிட்டுப் பிறகு வருந்துவது இந்த இடத்தில்தான். ஒதுக்கீட்டை மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும் வழியும் உண்டு. ஆனால் எல்லாரும் கேட்கும் பிரிவுகள் முதலில் நிரம்பிவிடுவதால், உங்கள் மகளுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உலோகவியலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதை வேண்டாம் என்பவர்கள் பெரும்பாலும் அது என்னவென்று கேட்டறியாதவர்கள். உலோகத்தைத் தாதுவிலிருந்து பிரிப்பது, கலப்பது, வார்ப்பது, வெப்பத்தால் அதன் தன்மையை மாற்றுவது, அது ஏன் அரிக்கிறது, ஏன் முறிகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டறிவது ஆகியவை அந்தப் படிப்பின் உள்ளடக்கம். இயற்பியலும் வேதியியலும் பிடித்தவர்களுக்கு அது சுவையான துறை. வேதியியல் என்றாலே முகம் சுளிப்பவர்களுக்கு நான்கு ஆண்டும் பாரம்தான். தமிழ்நாட்டில் மிகச் சில கல்லூரிகளே இப்பிரிவை நடத்துகின்றன. எவர்சில்வர் தகடு உருட்டும் உருக்காலையும், உலைகளின் உட்சுவருக்கான செங்கல்லுக்கு உதவும் மேக்னசைட் வெட்டியெடுக்கும் குன்றுகளும் உள்ள சேலத்தில் அது இருப்பது பொருத்தமானதே. உங்கள் நாத்தனாரின் அடுக்களையில் இருக்கும் எவர்சில்வர் குடமும் யாரோ ஓர் உலோகவியலாளர் சரிபார்த்த தகட்டில் செய்ததுதான் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். உலையருகே நிற்பது இத்துறையின் ஒரு பகுதி மட்டுமே; தரப் பரிசோதனைக் கூடங்கள், வாகன உதிரிபாக ஆலைகள், ஆய்வு நிறுவனங்கள் என்று வேலைகள் பரந்திருக்கின்றன. முதுநிலைப் பொறியியலுக்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட் தேர்வில் உலோகவியலுக்குத் தனித்தாள் உண்டு. அதில் தேறி அரசுக் கல்வி நிறுவனங்களில் முதுநிலைப் பொறியியல் சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது.

இனி மகளிடம் வருவோம். "கணினிதான் விருப்பம்" என்பதற்குள் என்ன இருக்கிறது என்று அவளிடம் பொறுமையாகக் கேளுங்கள். தோழிகள் அனைவரும் எடுக்கிறார்கள் என்பதற்காகவா, சம்பளத்துக்காகவா, அல்லது அவளே நிரல் எழுதிப் பார்த்து அதில் மனம் தோய்ந்திருக்கிறாளா? கடைசிக் காரணம் உண்மையானால் அதை மதியுங்கள். மேலே சொன்ன மூன்றாவது வழியை முழு மூச்சாக முயலுங்கள். மற்ற இரண்டில் ஒன்றென்றால், கெடு முடிவதற்குள் ஒரு நாள் அவளையே கருப்பூருக்கு அழைத்துச் சென்று, இறுதியாண்டு உலோகவியல் மாணவிகள் இரண்டு பேருடன் பேச விடுங்கள். நீங்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள். வகுப்பில் எத்தனை பேருக்குத் துறை சார்ந்த வேலை கிடைத்தது, எத்தனை பேர் மென்பொருள் நிறுவனங்களுக்குப் போனார்கள், கணினிப் பாடங்களைக் கூடுதலாக எடுக்க இடம் உண்டா என்று அவள் கேட்கட்டும்.

சென்னை நிறுவனத்தின் விளம்பரத்தில் வரும் "உச்சச் சம்பளம்" ஒரே ஒரு மாணவரின் சம்பளமாகவும் இருக்கலாம். தேசியத் தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள் இடைநிலைச் சம்பளத்தையும் (எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் வருபவரின் சம்பளம்) வேலை பெற்றவர் எண்ணிக்கையையும் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும், அதைப் பாருங்கள். தேசிய அங்கீகார வாரியம் தரும் என்பிஏ தர அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாக அன்றி ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே தரப்படுவதால், மகள் சேரும் பிரிவுக்கு அது உண்டா என்று கேளுங்கள். தமிழ்வழியில் உதவி பெறும் பள்ளியில் படித்தவள் என்பதால், புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கு அவளுக்குத் தகுதி இருக்கக்கூடும். ஆறாம் வகுப்பு முதல் படித்ததற்கான சான்றைப் பள்ளியில் இப்போதே வாங்கி வையுங்கள்.

கேள்வி: ஏற்காட்டுக்கு அப்பால் உள்ள மலைக் கிராமம் எங்களுடையது, நாங்கள் மலையாளி பழங்குடியினர். அரசுப் பள்ளியில் படித்த மகனுக்குச் சேலம் அரசு கலைக் கல்லூரியில் வேதியியலும், ஒரு தனியார் கல்லூரியில் பிசிஏவும் கிடைத்திருக்கின்றன. தனியார் கல்லூரிப் பேருந்து அடிவாரம் வரை வரும் என்கிறார்கள். எதில் சேர்ப்பது?

- ஒரு தந்தை, சேர்வராயன் மலை

பதில்: ஐயா, பேருந்து அடிவாரம் வரை வருவதை வசதியாகக் கொள்ள வேண்டாம். கிராமத்திலிருந்து ஏற்காட்டுக்கும், அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடிவாரத்துக்கும் தினமும் இருமுறை பயணம் செய்யும் பையனுக்குப் படிக்க நேரமோ தெம்போ மிஞ்சாது. எந்தக் கல்லூரியானாலும் சேலத்தில் தங்கிப் படிப்பதே நல்லது. அரசு நடத்தும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதியில் இடம் கேட்டு, சேர்க்கை உறுதியான அன்றே விண்ணப்பியுங்கள். பாடத்தைப் பொறுத்தவரை, வேதியியலில் மகனுக்கு வெறுப்பு இல்லையென்றால் அரசுக் கல்லூரியையே நான் சொல்வேன். பழங்குடி மாணவருக்கான கல்வி உதவித்தொகைக்கும், தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். தந்தை பெயரின் தலைப்பெழுத்து ஓரிடத்தில் மாறியிருந்தாலும் பணம் வருவது மாதக்கணக்கில் தாமதமாகலாம்.