நீர்க்கட்டியை எடுத்துவிட்டால் குழந்தை தங்குமா?

கேள்வி: வயது 27, உயரம் 155 செ.மீ., எடை 72 கிலோ. திருமணமாகி இரண்டு வருடம். பீரியட்ஸ் 45 முதல் 60 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. இரண்டு சினைப்பையிலும் நீர்க்கட்டி, பிசிஓஎஸ் என்கிறார்கள். முட்டை வெளிவரும் நாளைக் காட்டும் கிட்டில் பல நாள் இரண்டு கோடும் விழுகிறது. 21ஆம் நாள் ரத்தப் பரிசோதனையிலோ முட்டை வெடிக்கவில்லை என்று வந்தது. ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்துவிடலாமா?

பதில்: எடுப்பதற்கு அங்கே கட்டியே இல்லை. ஸ்கேனில் தெரிபவை 2 முதல் 9 மி.மீ. அளவில் வளர்ச்சி நின்றுபோன முட்டைப் பைகள். மாதம் ஒன்று 20 மி.மீ. அளவுக்கு வளர்ந்து வெடிக்க வேண்டும். இன்சுலினும் ஆண் ஹார்மோனும் கூடும்போது பாதியிலேயே நின்றுவிடுகின்றன. முட்டைக்குப் பஞ்சமில்லை, வெளியே வருவதில்தான் சிக்கல்.

அந்த கிட், முட்டையை வெடிக்கத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோனைப் பார்க்கிறது. பிசிஓஎஸ் உள்ளவர்களில் பலருக்கு அது எப்போதுமே சற்றுக் கூடுதலாக இருக்கும். அதனால் இரண்டாவது கோட்டை நம்ப முடியாது. இனி அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். முட்டை வெடித்தபின் கூடும் ஹார்மோனான புரொஜெஸ்டிரானை 21ஆம் நாளில் பார்க்கும் பரிசோதனையும் 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கானது. முட்டை வெடிப்பது அடுத்த பீரியட்ஸுக்குச் சுமார் 14 நாள் முன்பு; உங்கள் கணக்கில் அது 31ஆம் நாளோ 46ஆம் நாளோ. 31க்கு ஒரு வாரம் கழித்து, 38ஆம் நாள் தொடங்கி, பீரியட்ஸ் வரும்வரை வாரம் ஒருமுறை பார்த்தால்தான் அர்த்தம். புரொஜெஸ்டிரான் ஒரு மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால் முட்டை வெடித்திருக்கிறது.

எடையில் 5 சதவீதம், அதாவது மூன்றரை கிலோ குறைந்தாலே சிலருக்குச் சுழற்சி சீராகிவிடும். பட்டினி வேண்டாம். சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் பொரியல், சுண்டல், முட்டை வையுங்கள். வாரம் 5 நாள் 50 நிமிடம் வேக நடை. சர்க்கரைக்கு வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் போதாது, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்தும் பாருங்கள். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) அளவும் தேவை. ஃபோலிக் அமிலத்தை இப்போதே தொடங்கலாம்.

முட்டையை வளர்க்க முதல் மாத்திரை லெட்ரோசோல். கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, பீரியட்ஸின் 2 அல்லது 3ஆம் நாளிலிருந்து 5 நாள், தினம் 2.5 மி.கி.; பலன் இல்லையென்றால் அடுத்த சுழற்சியில் மருத்துவர் கூட்டுவார். சுமார் 10ஆம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன். பெட்டிக்குள் இருக்கும் தாளில் மார்பகப் புற்றுநோய் மருந்து என்று படித்துவிட்டுப் பயந்து நிறுத்துகிறவர்கள் உண்டு. இந்தியாவில் 2011இல் குழந்தையின்மைக்கு இதைத் தடை செய்திருந்தார்கள், 2017இல் நீக்கிவிட்டார்கள். 2014இல் வெளியான, 750 பெண்களைக் கொண்ட அமெரிக்க ஆய்வில், இதை எடுத்தவர்களில் 27.5 சதவீதத்தினர் குழந்தை பெற்றார்கள். பழைய மாத்திரையான குளோமிஃபீனில் 19.1 சதவீதம். சினைப்பையில் துளையிடும் லேப்ராஸ்கோப்பி, மாத்திரை பலிக்காதவர்களுக்கு மட்டும்.

ஒன்று கவனியுங்கள். 90 நாள் தாண்டியும் பீரியட்ஸ் வரவில்லையென்றால் காத்திருக்காதீர்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போவது ஆபத்து. மாத்திரை கொடுத்து வரவழைக்க வேண்டும்.

இதையெல்லாம் தொடங்கும் முன்பே கணவரின் விந்துப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். 2 முதல் 7 நாள் உறவு இல்லாமல் இருந்து சாம்பிள் கொடுத்தால் போதும். அந்த ரிப்போர்ட் இல்லாமல் மாத்திரைச் சீட்டு வாங்காதீர்கள்.