தலையில் கருவி மாட்டினால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. ஒரு வருடமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். முன்னைக்கு இப்போது தேவலை. ஆனால் கடைக்குப் போய் உட்கார மனசு வரவில்லை என்கிறார். நெற்றியில் மாட்டும் கருவி ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது, லேசாகக் கரண்டு கொடுக்குமாம், அதை வாங்கினால் மாத்திரையே வேண்டாம் என்கிறான் பெங்களூரில் இருக்கும் என் தம்பி. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் மகன், ஞாபகசக்திக்கு நானும் போட்டுக்கொள்கிறேன் என்கிறான். தலையில் கரண்டு வைத்தால் ஆளே மாறிவிடுவான் என்று மாமியார் அழுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, அம்பாசமுத்திரம்

மருத்துவர் பதில்: முதலில் உங்கள் மாமியாரின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். அவர் மனதில் இருப்பது இசிடி என்கிற மின் அதிர்ச்சி சிகிச்சை. அதில் சுமார் 800 மில்லி ஆம்பியர் மின்சாரம் சில விநாடிகள் கொடுத்து, வேண்டுமென்றே ஒரு வலிப்பை வரவழைப்போம். அதுவும் மயக்க மருந்து கொடுத்துத்தான். மயக்க மருந்தில்லாமல் செய்வதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமே தடை செய்திருக்கிறது. (கடுமையான மனச்சோர்வுக்கு இன்றும் அதுபோல வேலை செய்யும் சிகிச்சை குறைவு. சினிமாக்காரர்கள்தான் அதன் பெயரைக் கெடுத்துவிட்டார்கள்.)

உங்கள் தம்பி சொல்வது டிடிசிஎஸ் என்ற வேறொரு முறையாக இருக்க வேண்டும். இதில் செலுத்துவது 1 அல்லது 2 மில்லி ஆம்பியர்தான். 20, 30 நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். வலிப்பு வராது, மயக்கமும் தேவையில்லை. நரம்பணுக்களை இது நேரடியாக இயக்குவதில்லை; அவை சற்று எளிதில் தூண்டப்படும்படி செய்கிறது, அவ்வளவுதான். நெற்றியின் இடதுபக்க மூளைப்பகுதிதான் இலக்கு.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, முறையாகச் செய்யப்பட்ட ஆய்வுகளில் பெரிய ஆபத்து எதுவும் தென்படவில்லை. அரிப்பு, குறுகுறுப்பு, தோல் சிவப்பது, சிலருக்குத் தலைவலி. தோல் வெந்துபோவது பெரும்பாலும் கவனக்குறைவால்தான். கருவிக்கும் தோலுக்கும் நடுவே வைக்கும் ஈரப் பஞ்சு காய்ந்துவிட்டால் மின்சாரம் ஒரே புள்ளியில் குவிந்து சுடும். நம் ஊரில் தலை நிறையத் தேங்காயெண்ணெய், நெற்றி நிறைய விபூதி. இரண்டையும் கழுவித் துடைக்காமல் கருவியை வைத்தால் மின்சாரம் சீராகப் பாயாது. பஞ்சை நனைக்க உப்புக்கரைசல்தான் வேண்டும். தாமிரபரணித் தண்ணீரே ஆனாலும் வெறும் தண்ணீர் ஆகாது. வலிப்பு நோய் உள்ளவர்கள், மண்டைக்குள் உலோகத் தகடோ கிளிப்போ வைத்திருப்பவர்கள், காது கேட்பதற்காக உள்ளே பொருத்தும் காக்ளியர் கருவியோ நெஞ்சில் பேஸ்மேக்கரோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

பலன் இருக்கிறதா என்றால், ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2017இல் பிரேசிலில் 245 நோயாளிகளிடம் எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். சும்மா பேருக்குச் செய்யும் போலிச் சிகிச்சையைவிட டிடிசிஎஸ் மேலாக இருந்தது. மாத்திரைக்கு நிகர் என்று நிரூபிக்க முடியவில்லை. 2023இல் ஜெர்மனியில் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் 160 பேரிடம் பார்த்தபோது போலிக்கும் அசலுக்கும் வித்தியாசமே இல்லை. 2024இல் வெளியான ஆய்வில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 174 பேர் 10 வாரம் வீட்டிலேயே பயன்படுத்தினார்கள். அசல் கருவி வைத்தவர்களில் சுமார் 45 சதவீதம் பேருக்கும், போலி வைத்தவர்களில் சுமார் 22 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியது. தம்பி படித்தது இதுவாக இருக்கலாம். ஆனால் அவர்களை ஆய்வுக் குழுவினர் வீடியோவில் கண்காணித்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்கள் அதை நிறுத்தவும் இல்லை.

ஆகவே என் கவலை கருவியைப் பற்றியதல்ல, 'மாத்திரையே வேண்டாம்' என்ற அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கக்கேடு, எரிச்சல் வரும்; சில வாரங்களில் நோயே திரும்பலாம். உங்கள் கணவர் பாதி தேறியிருக்கிறார். இந்த நிலையில் செய்ய வேண்டியது, மாத்திரையின் அளவு போதுமா, தைராய்டு, பி12 பார்த்தாயிற்றா, மனநல ஆலோசகரிடம் பேசிப் பெறும் சிகிச்சையையும் சேர்க்கலாமா என்று அவருடைய டாக்டரிடம் கேட்பது. அதற்குப் பிறகும் தேறாவிட்டால் காந்தத் தூண்டல் முறையான ஆர்டிஎம்எஸ் பற்றிக் கேளுங்கள். அதற்கு ஆதாரம் இதைவிட வலுவானது. டிடிசிஎஸ்தான் என்று டாக்டர் முடிவு செய்தாலும் மாத்திரையோடு சேர்த்துச் செய்யட்டும்.

மகனுக்கு வேண்டாம். ஆரோக்கியமானவர்களின் ஞாபகசக்தி இதனால் கூடுகிறது என்பதற்கு நிலையான சான்று இல்லை. ஒரு திறன் கூடும்போது இன்னொன்று குறையலாம் என்று இத்துறை ஆய்வாளர்களே 2016இல் வீட்டில் முயல்கிறவர்களை எச்சரித்தார்கள். 9 வோல்ட் பேட்டரி வைத்துத் தானே செய்துகொள்ளும் வீடியோக்களையும் பார்த்திருப்பான், விசாரியுங்கள்.

இன்னொன்று. பிரேசில் ஆய்வில் கருவி வைத்தவர்களில் இரண்டு பேருக்கு மனஎழுச்சி நோய் புதிதாகத் தோன்றியது. சிகிச்சையின்போது உங்கள் கணவர் தூக்கமே இல்லாமல் உற்சாகமாகச் சுற்றினால், ஓயாமல் பேசினால், கையில் இருப்பதை அள்ளிச் செலவழித்தால் 'நல்லாத்தானே இருக்காரு' என்று விட்டுவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் எந்த நேரமானாலும் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு நேராகவும் அழைத்துப் போகலாம். அவரைத் தனியாக மட்டும் விடாதீர்கள்.