மறைத்த கட்டத்துக்கு ஒரு படிப்பு: மகளைப் படிக்க விடலாமா?

அம்மா, புள்ளியியல் முடித்த மகள் மக்கள்தொகையியல் படிக்கிறேன் என்கிறாள், அதுவும் விடுபட்ட இடப்பெயர்வுக் கணக்கை மதிப்பிடப் போகிறாளாம், இதற்கெல்லாம் வேலை இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. அது என்ன வேலை என்று முதலில் பார்த்துவிடுவோம்.

எந்த மாவட்டத்திலிருந்து எங்கே எத்தனை பேர் போனார்கள் என்று கணக்கெடுப்பில் ஓர் அட்டவணை வரும். உதாரணத்துக்கு, 'அ' மாவட்டத்திலிருந்து போனவர்கள் 60 பேர்: 'உ'வுக்கு 42, 'இ'க்கு 15, 'ஈ'க்கு 3. மூன்றே பேர் என்றால் யாரென்று தெரிந்துவிடலாம். அதனால் அந்த எண்ணை மறைப்பார்கள். அதை மட்டும் மறைத்தால் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால் 15-ஐயும் மறைப்பார்கள். பத்தியின் மொத்தத்திலிருந்தும் கழித்துவிடலாம் என்பதால், 'ஆ' என்ற இன்னொரு மாவட்டத்தின் வரிசையிலும் அதே இரண்டு கட்டங்கள் போகும்.

இப்போது கையில் இருப்பது மொத்தங்கள்தான். மறைந்தவை 'அ' வரிசையில் 18, 'ஆ' வரிசையில் 12. 'இ' பத்தியில் 25, 'ஈ' பத்தியில் 5. பத்திகளின் விகிதம் ஐந்துக்கு ஒன்று. அதன்படி 18-ஐப் பிரித்தால் 15, 3. பெரிய அட்டவணையில் சில எண்கள் தெரிந்தும் சில தெரியாமலும் இருக்கும். மொத்தங்கள் பொருந்தும்வரை வரிசைக்கு ஒரு முறை, பத்திக்கு ஒரு முறை என்று திரும்பத் திரும்பச் சரிசெய்வார்கள். 1940-ல் டெமிங், ஸ்டீஃபன் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் இருவரும் எழுதிய முறை இது.

இங்கே 15, 3 என்று அச்சாகப் பொருந்தியது நான் எடுத்த எண்களால். மொத்தங்களை மட்டும் பார்த்தால் 17, 1 ஆகவும் இருந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: 'அ'விலிருந்து 'ஈ'க்குப் போனவர்கள் 5 பேரைத் தாண்ட முடியாது. ஒற்றை எண்ணைத் தூக்கிக் கொடுக்காமல் "இதிலிருந்து இதற்குள்" என்று சொல்லும் நேர்மைதான் இந்த வேலையின் உயிர் என்பேன். பள்ளி எங்கே கட்டுவது, மருத்துவமனைக்கு எத்தனை படுக்கை என்று இந்த எண்களை வைத்துத்தானே முடிவெடுக்கிறார்கள்.

அரசுப் புள்ளியியல் அலுவலகம், திட்டமிடல் துறை, பொதுச் சுகாதார ஆய்வு, சர்வதேச அமைப்புகள் என்று இடங்கள் உண்டு. எண்ணிக்கையில் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் நிகழ்தகவும் மாதிரியாக்கமும் புள்ளியியலுக்கான ஆர் (R) என்ற கணினி மொழியும் கைவந்தவள், தரவு சார்ந்த எந்த வேலைக்கும் மாறிக்கொள்ளலாம்.

அதனால் குறுகிய காலச் சான்றிதழ் வகுப்புகளுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். மேற்படிப்புப் பாடத்திட்டத்தில் விடுபட்ட தரவு பற்றிய தாள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்புறம், மேலே உள்ள அட்டவணையை அவளே கையால் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் எல்லையைக் குறித்து, அடுத்த முறை வரும்போது எடுத்து வரச் சொல்லுங்கள்.