ஊரில் இருந்தால் சோறு நிச்சயமா?

கேள்வி: தம்பி கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் நிற்கிறான். கொரோனா நேரம் கடை பூட்டி ஊருக்கு வந்து, பிறகு திரும்பிப் போனவன். "இன்னொரு தொற்று வந்தால் அங்கே பட்டினிதான், இங்கே வயலும் ஆறும் இருக்கு, வந்துவிடு" என்கிறார் அப்பா. அவர் சொல்வது சரியா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: அப்பாவின் பயம் நியாயமானது, தங்கச்சி. ஆனால் 2020இல் ஊரும் தப்பவில்லை.

மார்ச் 20இல் நாடு முழுக்க ஊரடங்கு. வேளாண்மைக்கும் மீன்பிடிக்கும் அனுமதி இருந்ததுதான். ஆனால் ஒக்டோபரில் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள பேலியகொடை மொத்த மீன் சந்தையை மூடியதும் வாழைச்சேனை மீனை யார் எடுப்பது? மருதமுனையில் எனக்குத் தெரிந்த தறிக்காரர் ஒருவர், சித்திரை வருடப்பிறப்பும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வருகிறதென்று கடனுக்கு நூல் எடுத்து நெய்தார். இரண்டும் ஊரடங்கோடு போயின. சாரன்கள் மடிப்புக் கலையாமல் வீட்டு மூலையில் அடுக்கிக் கிடந்தன, தறியில் பாவு பாதியில் நின்றது. நூல் கொடுத்தவரோ காசு கேட்டு ஓயாமல் போன் எடுத்தார்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பல வீடுகளில், கட்டுநாயக்க கார்மண்டில் நின்ற பிள்ளைகள் அனுப்பும் காசில்தான் சீட்டும் லோனும் கட்டினார்கள். பிள்ளைகள் திரும்பி வர, தோடு அடைவுக்குப் போனது.

வேலையின்மை 2019இல் 4.8 வீதம், 2020இல் 5.5 வீதம் என்கிறது அரச கணக்கு. இவ்வளவுதானா என்று தோன்றும். அந்தக் கணக்கில் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் வேலை செய்தாலே வேலை உள்ளவர். சம்பளமில்லாமல் அப்பாவின் வயலில் நின்றாலும் அப்படித்தான். அன்று உங்கள் தம்பி வரம்பு கட்டியிருந்தால் அவரும் வேலை உள்ளவரே! இரண்டு பேரின் சோற்றை நாலு பேர் பகிர்ந்த கஷ்டம் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

அதனால் ஊரா கொழும்பா என்பதைவிட, தம்பியிடம் முதலில் கேட்க வேண்டியது, முதலாளி ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டுகிறாரா என்பதை. சம்பளத்தில் முதலாளியின் பங்கு 12 வீதம், தம்பியின் பங்கு 8 வீதம். 2020இல் வேலை இல்லாமல் வீட்டில் இருத்தப்பட்ட தொழிலாளர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, எது கூடவோ அதைக் கொடுக்க அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் இணங்கின. பெயர் பதியாமல் நாட்சம்பளத்துக்கு நின்றவர்களுக்கு அதைக் கேட்க ஒரு துண்டுக் கடதாசியும் இருக்கவில்லை, அவர்கள் கொழும்பில் கோப்பை கழுவினாலென்ன, கல்லடியில் மேசனுக்குக் கையாளாக நின்றாலென்ன.

சம்பளச் சிட்டையைத் தம்பி மாதாமாதம் வாங்கி வைக்கட்டும். பணம் கட்டப்படவில்லையென்றால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.