11 நாள் நெட் இல்லை, பில் மட்டும் முழுசாக வந்தது

கேள்வி: கருங்கல் பக்கம் சின்ன கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், வில்லங்கச் சான்று, இதுதான் பிழைப்பு. ரோடு வேலைக்கு வந்த ஜேசிபி தோண்டியதில் ஃபைபர் கேபிள் அறுந்து 11 நாள் நெட் இல்லை. பில் முழுசாக வந்துவிட்டது. கேட்டால், "புயல் மாதிரிதான், எங்கள் கையில் இல்லை" என்கிறார்கள். டெலிபோன் வழக்கை நுகர்வோர் கோர்ட்டில் எடுக்க மாட்டார்களாமே?

பதில்: எடுப்பார்கள். நீங்கள் கேள்விப்பட்டது பழைய கதை. 1885-ஆம் வருடத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவைக் காட்டி, 2009-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை அடைத்தது உண்மை. 2022 பிப்ரவரியில் வோடஃபோன் ஐடியா வழக்கில் அதே நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்டது.

ஒக்கி மாதிரி புயல் அடித்திருந்தால் பேச்சு வேறு. 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு நம் மாவட்டத்திலும் அரசே நெட்டை நிறுத்தச் சொன்னது. அதற்குக் கம்பெனியைப் பிடிக்க முடியாது. ஆனால் ஜேசிபி வாளி புயல் ஆகாது. கேபிள் அறுந்தது அவர்கள் தப்பில்லை என்றே வைத்துக்கொள்வோம், ஒட்டவைக்க எதற்கு 11 நாள்? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 சேவைத்தர விதிகள்படி, கம்பி வழி இணைப்பில் பழுது 3 நாளைத் தாண்டினால் வாடகையில் கழித்துத் தரவேண்டும். இது நீங்கள் கெஞ்சி வாங்கும் சலுகை இல்லை.

வாடகைக் கழிவு சில நூறு ரூபாய்தான். திரும்பிப்போன வாடிக்கையாளர்களின் கணக்குக்குத்தான் நுகர்வோர் ஆணையம், அதாவது நீங்கள் சொன்ன நுகர்வோர் கோர்ட். அங்கே கம்பெனி வக்கீல் முதலில், "இவர் கடைக்காரர், நுகர்வோரே இல்லை" என்பார். பயப்படாதீர்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் நடத்தும் தொழிலுக்குப் பொருள் வாங்கினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று 2019 நுகர்வோர் சட்டமே சொல்கிறது. அந்த விளக்கத்தில் சேவை என்ற வார்த்தை இல்லை, அதனால் அது நெட் சேவைக்கும் பொருந்தும் என்று நீங்கள் வாதாட வேண்டியிருக்கும். கடையில் உட்காருவது நீங்களா, சம்பள ஆட்களா என்று கேட்பார்கள். ஆள் வைத்து மூன்று கடை நடத்துகிறவர் என்றால் நானே தயங்குவேன்.

முதலில் புகார் எண்ணைத் தேடுங்கள், குறுஞ்செய்தியில் வந்திருக்கும். லைன்மேனுக்குப் போன் போட்டது மட்டும் என்றால் பதிவே இருக்காது. இப்போதாவது கழிவு கேட்டுப் புகார் பதிந்து எண் வாங்குங்கள். தீரவில்லை என்றால் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள், கட்டணம் இல்லை. டிராய்க்கு எழுதிக் காத்திருக்க வேண்டாம், தனிநபர் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை.

அப்புறம் நாகர்கோவில் மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடம் அவகாசம் உண்டு, உங்கள் அளவு வழக்குக்குக் கட்டணம் இல்லை. லட்சக்கணக்கில் கேட்காதீர்கள். அந்த 11 நாளின் வரவு நோட்டையும் முந்தின மாத நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிவதைப் போட்டோ எடுத்திருந்தால், தேதி தெரியும்படி பிரிண்ட் போட்டுச் சேருங்கள். பிரிண்டர்தான் உங்களிடமே இருக்கிறதே.